செல் பிரியுறதையே நிறுத்துற பூ... மூலனூர் பக்கம் காடு காடா பூத்து நிக்குதுங்க!

ஐப்பசி, கார்த்திகை மாசத்துல தாராபுரத்துல இருந்து மூலனூர் ரோட்டைப் பிடிச்சுப் போயிருக்கீங்களா? கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், கம்பியைப் பிடிச்சுக் கொடி ஏறி, தீ பத்திக்கிட்ட மாதிரி பூ நிக்கும். அடியில மஞ்சள், நுனியில சிவப்பு, இதழ் எல்லாம் மேல பார்த்து நெளிஞ்சு வளைஞ்சிருக்கும். பைக்கை ஓரங்கட்டி ஒரு ரீல்ஸ் எடுக்காம தாண்ட மனசு வராது.

செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். இலங்கைத் தமிழர்கள் கார்த்திகைப்பூன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல கண்வலிப்பூ, அதோட கிழங்கு கண்வலிக்கிழங்கு. ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா கண்வலி வரும்னு ஒரு நம்பிக்கை. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கிறதால கலப்பைக் கிழங்குன்னும் பேர் உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்துல இது வேலியோரத்துல தானா முளைக்கிற கொடி மட்டும் இல்ல, பணப்பயிர். பூவுக்காகப் பயிர் பண்றதில்லை; விதைக்காக. அந்த விதை கிலோக் கணக்குல வியாபாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து மருந்து கம்பெனிகளுக்குப் போகுது. காரணம், விதைக்குள்ள இருக்கிற கோல்சிசின் என்ற ஒரு வேதிப்பொருள்.

இந்தக் கோல்சிசின் செய்யுற வேலை ஒண்ணுதான் உலகம் முழுக்க இருக்கிற பயாலஜி லேப்கள்ல இதைப் பிரபலமாக்குச்சு. ஒரு செல் ரெண்டாப் பிரியுற நேரத்துல, சரியா நடுவுல, அப்படியே ஃப்ரீஸ் பண்ணிடும்.

செல் பிரிதல், மைட்டாசிஸ்... இந்த வார்த்தையைப் பார்த்ததும் பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்து ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்னு மனப்பாடம் பண்ணி, நாலு வட்டம் போட்டு, பென்சில்ல கோடு இழுத்து மார்க் வாங்கிட்டு மறந்த விஷயம்தான். ஆனா ஒரு மெஷின் எப்படி ஓடுதுன்னு புரியணும்னா, அதை நிறுத்திப் பார்க்கிறதைவிட நல்ல வழி கிடையாது. மில்லுல வேலை பார்த்தவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. நம்மகிட்ட நிறுத்துற ஸ்விட்ச்சே வயல்ல விளையுது.

ஒரு நாளைக்கு 33,000 கோடி

சராசரி மனுஷ உடம்புல சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருக்குன்னு கணக்கிடுறாங்க. இதுல ஒவ்வொரு நாளும் சுமார் 33,000 கோடி செல்கள் செத்து, அந்த இடத்துக்குப் புதுசு வருது. பெரும்பகுதி ரத்த செல்கள். அடுத்தது குடலோட உள்பூச்சு. சிவப்பணு மட்டும் செகண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் உருவாகுது. நீங்க இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க எலும்பு மஜ்ஜை ஒரு கோடியைத் தாண்டியிருக்கும்.

குடலோட உள்பூச்சு மூணு முதல் அஞ்சு நாளுக்குள்ள முழுசா மாறிடும். போன ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டப்போ இருந்த குடல் சுவர்ச் செல்கள்ல பெரும்பாலானது இப்ப இல்லை. முடியோட வேர்ல இருக்கிற செல்லும் அதே மாதிரி ஓயாம பிரியுற ஆளுதான். மறுபக்கம், மூளையோட நரம்பு செல், இதயத் தசை செல் எல்லாம் பிறந்த கொஞ்ச காலத்துலயே பிரியுறதை அநேகமா நிறுத்திடுது.

யார் வேகமாப் பிரியுறாங்க, யார் பிரியுறதில்லைன்னு இந்த லிஸ்ட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. கண்வலிக்கிழங்கு உடம்புக்குள்ள போனா எங்கெங்க அடி விழும்னு இதுலயே இருக்கு.

ஸ்பிண்டில்னு சொன்னா கோயம்புத்தூருக்கு விளக்கணுமா?

1882ல வால்தர் ஃப்ளெமிங் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, சாலமாண்டர்னு ஒரு பல்லி மாதிரியான பிராணியோட செல்களுக்குச் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கிட்டிருந்தார். செல் பிரியுறப்போ உள்ள நூல் நூலா எதோ தெரியுது. கிரேக்க மொழியில நூலுக்கு மிட்டோஸ்னு பேர். அதுல இருந்து மைட்டாசிஸ்னு பேர் வெச்சார். அந்த நூல்கள்தான் குரோமோசோம். அதைப் பிடிச்சு இழுக்கிற அமைப்புக்கு என்ன பேர் வெச்சாங்க தெரியுமா? ஸ்பிண்டில். நடுவுல பருத்து ரெண்டு முனையும் கூம்பி, அந்தக் காலத்து நூல் சுத்துற கதிர் மாதிரி இருந்ததால இந்தப் பேர். நூலும் ஸ்பிண்டிலும்! நம்ம ஸ்பின்னிங் மில் ஊருக்குன்னே எழுதின பாடம் மாதிரி இல்ல?

சரி, என்னதான் நடக்குது? உங்க ஒரு செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவை நீட்டினா கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர். அது இருக்கிற நியூக்ளியஸோட அகலம் ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குகூடக் கிடையாது. 46 துண்டா, அதாவது 46 குரோமோசோமா, உள்ள கிடக்கு. செல் பிரியுறதுக்கு முன்னாடி இந்த 46ஐயும் ஒரு எழுத்து விடாம காப்பி எடுக்கணும். லேப்ல வளர்க்கிற ஒரு மனுஷ செல்லுக்கு ஒரு சுத்து முடிய சுமார் 24 மணி நேரம் ஆகுதுன்னா, அதுல பல மணி நேரம் இந்தக் காப்பி வேலைக்கே போயிடும். நாம மைட்டாசிஸ்னு படிச்ச நாலு கட்டமும் சேர்ந்து சுமார் ஒரு மணி நேரம்தான். கல்யாணத்துல முகூர்த்தம் மாதிரி. வேலையெல்லாம் முன்னாடி நாளே முடிஞ்சிருக்கும்.

காப்பி எடுத்ததும் ஒரிஜினலும் நகலும் கோஹெசின் என்ற புரத வளையத்தால ஒண்ணோட ஒண்ணு கட்டிவெச்ச மாதிரி ஒட்டியிருக்கும். அடுத்து அந்த நீள நூல் எல்லாம் சுருண்டு இறுகி, குட்டையா தடியா ஆகுது. இது புரோஃபேஸ். சிக்கு விழுந்த நூலை ரெண்டு பேருக்குப் பங்கு பிரிக்க முடியாதே. முதல்ல சுத்தி பண்டலாக்கணும்.

இப்ப ஸ்பிண்டில். செல்லோட ரெண்டு கோடியில இருந்தும் மெல்லிசான குழாய்கள் வளர்ந்து வருது. மைக்ரோடியூபுல்னு பேர். இது டியூபுலின் என்ற புரத மணிகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக் கட்டின குழாய். ஒரு விசேஷம் என்னன்னா, இது நிலையா நிக்காது. மணி சேர்ந்து வளரும், திடீர்னு மணி உதிர்ந்து குறையும், மறுபடி வளரும். இருட்டுல கை நீட்டித் தடவித் தடவி சுவிட்ச் தேடுற மாதிரி, வளர்ந்து குறைஞ்சு வளர்ந்து, எங்கயோ ஒரு குரோமோசோமோட இடுப்பைத் தொட்டதும் பிடிச்சுக்கும். ஒட்டியிருக்கிற ஜோடியில ஒண்ணை இந்தக் கோடியில இருந்து வந்த குழாய் பிடிக்கணும், இன்னொண்ணை எதிர்க்கோடியில இருந்து வந்தது பிடிக்கணும். ரெண்டு பக்கமும் இழுக்க, 46 ஜோடியும் செல்லோட நடுவுல வரிசை கட்டி நிக்கும். மெட்டாஃபேஸ்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வரிசை கட்டினதும் உடனே பிரிச்சுட முடியாது. எந்த ஒரு குரோமோசோமாவது இன்னும் குழாயில மாட்டலைன்னா, அது 'இருங்க, இருங்க'ன்னு ஒரு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். காந்திபுரத்துல கடைசி ஆள் ஏறுற வரைக்கும் விசில் அடிக்காத கண்டக்டர் மாதிரி. 45 ஜோடி தயாரா நின்னாலும் ஒத்தை ஜோடிக்காக மொத்த வண்டியும் காத்திருக்கும். கடைசி ஆள் மாட்டினதும் சிக்னல் அணையும், ஒரு நொதி கோஹெசின் வளையத்தை வெட்டும், ஜோடிகள் பிரிஞ்சு எதிரெதிர்க் கோடிக்கு ஓடும். அனாஃபேஸ். அப்புறம் ரெண்டு பக்கமும் தனித்தனி நியூக்ளியஸ், நடுவுல செல் பிரியுது. நம்ம செல்லா இருந்தா இடுப்புல கயிறு கட்டி இறுக்கின மாதிரி பிரியும். செடியோட செல்லா இருந்தா நடுவுல ஒரு சுவர் எழும்பும்.

கோல்சிசின் என்ன பண்ணுது? அந்த டியூபுலின் மணியைப் போய்ப் பிடிச்சுக்குது. பிடிச்ச மணி குழாயோட முனையில உட்கார்ந்தா, அதுக்கு மேல அடுத்த மணி ஏறாது. குழாய் வளராது, இருந்ததும் உதிரும். ஸ்பிண்டிலே இல்லை. குரோமோசோம் எல்லாம் பண்டல் கட்டித் தயாரா நிக்குது, பிடிக்க ஆள் இல்லை. கண்டக்டர் விசில் அடிக்கவே மாட்டார்.

பல மணி நேரம் காத்திருந்துட்டு அந்த செல் ஒண்ணு செத்துப்போகும். இல்லைன்னா, பிரியாமலே மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும். 46 இருந்த இடத்துல 92 குரோமோசோமோட!

கிழங்கைச் சாப்பிட்டா ஏன் முடி கொட்டுது?

இது வெறும் சுவாரஸ்யத் தகவல் இல்லைங்க. கண்வலிக்கிழங்கைச் சர்க்கரைவள்ளியோ வேற எதோ கிழங்கோன்னு நினைச்சுச் சமைச்சுச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. சமைச்சாலும் விஷம் போகாது. 1966ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இலங்கையில இருந்து ஒரு மருத்துவர் எழுதின கட்டுரை, இந்தக் கிழங்கு விஷத்துல இருந்து பிழைச்ச ஒருத்தருக்கு உடம்பு முழுக்க முடி கொட்டினதைப் பத்தினது.

வரிசையாப் பாருங்க, கதை அப்படியே மைட்டாசிஸ் பாடம். சாப்பிட்டதும் ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சு வாந்தி, வயித்துப்போக்கு ஆரம்பிக்கும். ஏன்னா குடல் சுவர்தான் முதல் அடி வாங்குது. பல பேரு ஃபுட் பாய்சன்னு நினைச்சு ஓஆர்எஸ் குடிச்சுட்டுப் படுத்துடுவாங்க. அடுத்த சில நாள்ல எலும்பு மஜ்ஜை நின்னுபோயிடும். வெள்ளையணுக்கள்ல பெரும்பாலானது ரொம்பக் கொஞ்ச நாள்தான் இருக்கும்; புதுசு வரலைன்னா எண்ணிக்கை சரசரன்னு இறங்கி, சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்ச்சுடும். டியூபுலின் குழாய் பிரியாத செல்லுக்கும் உள்போக்குவரத்துக்குத் தேவைங்கிறதால இதயம், நரம்பு, சிறுநீரகம்னு ஒவ்வொண்ணா மாட்டும். இந்த வாரத்தைத் தாண்டிப் பிழைச்சவங்களுக்கு, ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொத்துக் கொத்தா கொட்டும். வேர்ல இருக்கிற செல் பிரியாம நின்னதோட அடையாளம் அது. பிறகு திரும்ப வளர்ந்துடும்.

ஆஸ்பத்திரியில சுலபமாக் கிடைக்கிற முறிமருந்து இதுக்குக் கிடையாது. அதனால கிழங்கோ விதையோ வாயில போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்காம 108க்குப் போன் பண்ணிடணும். முடிஞ்சா மிச்சம் இருக்கிற கிழங்கையோ செடியையோ கையோட கொண்டுபோங்க; டாக்டருக்கு நேரம் மிச்சமாகும். சித்த மருத்துவத்துல இந்தக் கிழங்கைச் சுத்தி பண்ணிப் பயன்படுத்துற முறை இருக்கு. அது பயிற்சி பெற்ற மருத்துவர் வேலை. யூடியூப் பார்த்து வீட்டுல பண்ற வேலை இல்லை.

கீமோதெரபியில முடி கொட்டுறதைச் சினிமாவுல பார்த்திருப்பீங்க, சில பேரு வீட்டுலயே பார்த்திருப்பீங்க. காரணம் கிட்டத்தட்ட இதேதான். கேன்சர்னாலே கட்டுப்பாடு இல்லாம நடக்கிற செல் பிரிதல். அதை நிறுத்தப் போற மருந்து, நல்லபடியாப் பிரிஞ்சுக்கிட்டிருக்கிற முடிவேரையும் குடலையும் சேர்த்தே நிறுத்துது. நம்ம வீட்டு வாசல்ல பூக்கிற நித்தியகல்யாணியில இருந்து எடுக்கிற வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ரெண்டும் இதே டியூபுலினைத்தான் வேற இடத்துல பிடிக்குது. ரத்தப் புற்றுநோய்ல குழந்தைகளுக்குக்கூட கொடுக்கிறாங்க. அப்போ கோல்சிசினையே கேன்சருக்குக் கொடுக்கலாமேன்னா, முடியாது. குணமாக்குற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி.

அதே கோல்சிசின், டாக்டர் சொல்ற சின்ன அளவுல மாத்திரையா வந்தா கௌட் என்ற மூட்டுவலிக்கு மருந்து. கால் பெருவிரல் மூட்டுல யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து, அதைத் தாக்க வெள்ளையணுக்கள் படையெடுத்து வர்றப்போதான் அந்த உயிர் போற வலி. வெள்ளையணு நகரவும் டியூபுலின் குழாய் வேணும். அதைத் தட்டிவிட்டா படை வராது, வலி அடங்கும். 2023ல அமெரிக்காவோட எஃப்டிஏ, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் கோல்சிசினுக்கும் அனுமதி கொடுத்திருக்கு.

48ஆ, 46ஆ?

நம்ம உடம்புல 46 குரோமோசோம்னு இப்ப எட்டாம் கிளாஸ் பையனும் சொல்வான். ஆனா 1920கள்ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல 48னுதான் உலகமே நம்பிக்கிட்டிருந்துச்சு! பாடப்புத்தகத்துல 48. மைக்ராஸ்கோப்புல எண்ணிப் பார்த்தவங்களும், எப்படியோ, 48 வர்ற மாதிரி எண்ணிக்கிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கிற நூலை எண்ணுறது லேசுப்பட்ட வேலையா?

1955 டிசம்பர்ல ஸ்வீடனின் லுண்ட் நகரத்துல, ஜாவாவுல பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ என்ற ஆராய்ச்சியாளர் மனுஷ செல்கள்ல கோல்சிசினைச் சேர்த்தார். எல்லாம் மெட்டாஃபேஸ்ல வந்து நின்னுச்சு. கூடவே உப்புச் செறிவு கம்மியான நீர்மத்துல போட்டதும் செல்கள் ஊதி, குரோமோசோம்கள் விலகி விலகிக் கிடந்துச்சு. எண்ணினா 46. திரும்ப எண்ணினா 46. ஆல்பர்ட் லெவனோட சேர்ந்து 1956ல வெளியிட்டார். ரெண்டு பேருமே செடிகளோட குரோமோசோமைப் பார்த்துப் பழகினவங்க. மூணு வருஷம் கழிச்சு, 1959ல, டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு 47 இருக்குன்னு பிரான்ஸ்ல கண்டுபிடிச்சாங்க.

அடிக்கடி கரு கலையுற தம்பதிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற காரியோடைப்பிங் டெஸ்ட் இன்னிக்கும் இதே வழிதான். ரத்தத்தை எடுத்து, வெள்ளையணுக்களைத் தூண்டிவிட்டு சுமார் 72 மணி நேரம் வளர்ப்பாங்க. கடைசிக் கட்டத்துல கோல்சிசினையோ அதோட உறவுக்கார மருந்தான கோல்செமிடையோ ஊத்தி நிறுத்தி, போட்டோ எடுத்து எண்ணுவாங்க. ரிப்போர்ட் வர ஏன் இவ்வளவு நாள் ஆகுதுன்னு லேப்ல சண்டை போட்டவங்களுக்கு இது பதில்.

வீரகேரளத்துல எண்ணின கரும்பு

குரோமோசோம் எண்ணுறதுல கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு இருக்கு. வீரகேரளத்துல இருக்கிற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912ல ஆரம்பிச்சது. கரும்பு பூத்து, முளைக்கிற விதையும் பிடிக்கிற தட்பவெப்பம் இங்க அமைஞ்சதால இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாங்க. நல்ல கரும்பையும் காட்டுக் கரும்பான நாணலையும் கலந்து பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் உருவாக்கின கோ 205 ரகம் 1918ல வெளிவந்துச்சு. கோ என்ற எழுத்து வேற ஒண்ணுமில்லை, கோயம்புத்தூர்தான். அந்த எழுத்தைச் சுமந்த ரகங்கள் பிறகு பல நாடுகளுக்குப் போச்சு.

இந்தக் கலப்புல ஒரு விசித்திரம். நல்ல கரும்புக்கு 80 குரோமோசோம். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. ஆளுக்குப் பாதி கொடுத்தா பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 வரணும். கோ 205ல இருந்தது 112. அம்மா கரும்பு பாதியைக் கொடுக்காம முழு 80ஐயும் தூக்கிக் கொடுத்திருக்கு!

இப்படிப்பட்ட புதிர்களை அவிழ்க்கத்தான் 1934ல இங்க வேலைக்குச் சேர்ந்தார் ஜானகி அம்மாள். தலச்சேரியில 1897ல பிறந்து, சென்னையில ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படிச்சு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1931ல டாக்டர் பட்டம் வாங்கின தாவரவியலாளர். ஒரு பொண்ணு வெளிநாடு போய் சயின்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்குறது அபூர்வமா இருந்த காலம். கோவையில இருந்த அஞ்சு வருஷத்துல கரும்புக்கும் நாணலுக்கும் குரோமோசோம் கணக்கு எடுத்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தார். பிறகு லண்டனுக்குப் போய், டார்லிங்டனோட சேர்ந்து 1945ல பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்துல மக்னோலியா நாத்துகளுக்குக் கோல்சிசின் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அங்க ஒரு மக்னோலியா ரகத்துக்கு இன்னிக்கும் அவர் பேர்தான்.

மனுஷனுக்கு விஷமான அந்த '92 ஆகிற' விபத்து, செடிக்குப் பல நேரம் லாபம். குரோமோசோம் இரட்டிச்சா செல் பெருசாகும். இலை தடிக்கும், பூ பெருசாகும். செடியோட டியூபுலின் கோல்சிசினை அவ்வளவு இறுக்கமாப் பிடிக்காது. அதனால விலங்கு செல்லை நிறுத்துற அளவைவிடப் பல மடங்கு கொடுத்தாதான் வேலை நடக்கும். கண்வலிக்கொடி தன்னோட விஷத்துலயே தான் செத்துப்போகாம ஜம்முனு வளர்றதுக்கும் இதுல பதில் இருக்கு.

குரோமோசோமைக் கண்ணால பார்க்கணும்னு ஆசையா? சின்ன வெங்காயம் போதும். தண்ணி தொடுற மாதிரி டம்ளர் வாய்ல உட்கார வெச்சா ரெண்டு மூணு நாள்ல வெள்ளை வேர் விடும். நுனியில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வெட்டி, காலேஜ் லேப்ல அசிட்டோகார்மைன் போட்டு நசுக்கிப் பார்த்தா, பிரியுற செல்லெல்லாம் சிவப்புச் சிவப்பாத் தெரியும். வெங்காயத்துக்கு 16தான். எண்ணிடலாம்.

கழுத்துவலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க

இப்ப நம்ம விஷயம். லேப்டாப் முன்னாடி பத்து மணி நேரம், வீட்டுக்கு வந்து போன்ல ரெண்டு மணி நேரம். கழுத்து பிடிச்சுக்குது. மெடிக்கல்ல போய் 'அண்ணா, கழுத்துவலிக்கு ஒண்ணு குடுங்க'ன்னா ஒரு ஸ்ட்ரிப் வரும். அட்டைக்குப் பின்னாடி தயோகோல்சிகோசைடுன்னு இருக்கா பாருங்க. தசை இறுக்கத்தைத் தளர்த்துற மருந்து. பெரும்பாலும் வலி மாத்திரையோட கலந்து வரும். பேர்லயே கோல்சி இருக்கு கவனிச்சீங்களா? நம்ம கண்வலி விதையில கோல்சிசின்கூடவே இருக்கிற கோல்சிகோசைடை மாத்தித் தயாரிக்கிறதுதான் இது.

2013ல ஐரோப்பிய மருந்து முகமை இதுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. இந்த மருந்து உடம்புல உடையுறப்போ உருவாகிற ஒரு பொருள், பிரியுற செல்கள்ல குரோமோசோம் எண்ணிக்கையைத் தப்பாக்க வாய்ப்பு இருக்குன்னு பரிசோதனைகள்ல தெரிஞ்சதுதான் காரணம். கண்டக்டரை ஏமாத்தி, ஒரு பக்கம் 45, ஒரு பக்கம் 47ன்னு வண்டி கிளம்புற நிலைமை. அவங்க சொன்னது: மாத்திரையா எடுத்தா ஒரு நாளைக்கு 16 மில்லிகிராமுக்கு மேல கூடாது, தொடர்ந்து ஏழு நாளைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுறவங்களும் எடுக்கவே கூடாது. கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிற பெண்கள் கருத்தடை இல்லாம எடுக்கக் கூடாது. 16 வயசுக்குக் கீழ வேண்டாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அஞ்சு நாள் கோர்ஸை நினைச்சுப் பயப்பட இதுல ஒண்ணும் இல்லை. பழைய சீட்டைக் காட்டி மாசக்கணக்குல வாங்கிப் போடுறவங்களும், குழந்தைக்குத் திட்டமிட்டுக்கிட்டிருக்கிற ஜோடிகளும்தான் அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

விலை மட்டும் பூக்கிறதில்லை

அந்த அட்டைக்கும் தாராபுரம் காட்டுக்கும் நடுவுல ஒரு நீளமான பயணம் இருக்கு. அதுல கஷ்டமான பகுதி விவசாயியோடது. இந்தப் பூவோட அமைப்பே வேடிக்கை. சூலகத் தண்டு நேரா நிக்காம, பக்கவாட்டுல மடங்கி மகரந்தத்தை விட்டு விலகிப் போயிடும். தன் மகரந்தம் தன் மேலயே விழாது. பூச்சியை நம்பினா காய் சரியாப் பிடிக்காது. அதனால பூக்கிற காலம் முழுக்கக் காலை நேரத்துல ஆட்கள் வரிசை வரிசையாப் போய், ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைக்கணும். ரீல்ஸ்ல பார்க்கிற அந்தச் சிவப்புக் காட்டுல ஒவ்வொரு பூவையும் ஒரு கை தொட்டிருக்கும்.

கூலி, பந்தல் கம்பி, விதைக்கிழங்குன்னு செலவு ஏக்கருக்கு லட்சக்கணக்குல போகும். விலை ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் பாதியாகும். சொல்றது வியாபாரி, கேட்கிறது விவசாயி. அரசே குறைந்தபட்ச விலை நிர்ணயிச்சுக் கொள்முதல் பண்ணணும்னு இந்த வட்டாரத்து விவசாயிகள் பல வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அதனால விலை இறங்கினா விதையை மூட்டை கட்டி, ஏறும் வரைக்கும் வீட்டுலயே வெச்சுக் காத்திருக்கிறவங்க உண்டு. குழந்தைகள் இருக்கிற வீட்டுல அந்த மூட்டை எந்த ரூம்ல இருக்குங்கிறது முக்கியமான விஷயம்.

தை, மாசியில காய் பறிச்சு, உலர்த்தி, விதை எடுத்த பிறகு கொடி காஞ்சு போகும். கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். ஆனி, ஆடியில திரும்ப நடுறப்போ, அனுபவப்பட்டவங்க ஒரு விஷயத்துல ரொம்பக் கறாரா இருப்பாங்க. கலப்பை மாதிரி வளைஞ்ச அந்தக் கிழங்கோட ஒவ்வொரு கைக்கும் முனையில மட்டும்தான் முளை இருக்கும். கொடியா வளரப்போற செல்கள் அந்த நுனியிலதான் பிரிய ஆரம்பிக்கணும். கூடையில போடுறப்போ, மண்ணுல இறக்குறப்போ முனை முறிஞ்சா, எவ்வளவு பெரிய கிழங்கா இருந்தாலும் அந்தக் கை முளைக்காது. அதனால புதுசா வேலைக்கு வர்றவங்ககிட்ட முதல்ல சொல்றது ரெண்டே ரெண்டு: கையைக் கழுவாம எதையும் சாப்பிடாதீங்க, முனையைத் தொடாதீங்க.